ஸ்டெம் கல்வி: நாலு பாடமும் ஒரு பானைக்குள் வருவது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், எங்கள் சித்தூர் தாலுக்காவின் தமிழ்நாட்டு எல்லைப் பக்கம், கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும், இப்போது பள்ளிக்கூட நோட்டீஸை எடுத்தால் ‘ஸ்டெம்’ என்ற சொல் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பி.டி.ஏ. கூட்டத்தில் அது என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ரோபோ செய்யக் கற்றுத்தருவது என்பார் ஒருவர். கோடிங் என்பார் இன்னொருவர். கம்ப்யூட்டர் லேபுக்குப் புதுப்பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. பிள்ளைகளைத் தமிழ் மீடியத்தில் சேர்த்திருக்கும் பெற்றோர் பலருக்கு, “நம்ம ஸ்கூல்ல அந்தக் கிட் எல்லாம் இல்லையே, பிள்ளை பின்தங்கிப் போயிடுமோ” என்ற கவலை வேறு.

அந்தக் கவலை தேவையே இல்லை. இரண்டு மண்பானை, ஒரு கூடை மணல், ஒரு தராசு, ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் ஸ்டெம் பாடத்தை ஒழுங்காக நடத்திவிடலாம். எப்படி என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

பெயரில் இருப்பதும் இல்லாததும்

சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸ் ஆகிய நாலு சொற்களின் முதல் எழுத்துகள்தான் ஸ்டெம். 1990களில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இதே எழுத்துகளை ‘ஸ்மெட்’ என்று வேறு வரிசையில் வைத்திருந்தது. 2001 வாக்கில் ‘ஸ்டெம்’ ஆனது. பெயர் நாலு பாடங்களைப் பட்டியல் போடுகிறது, அவ்வளவுதான். அவற்றை எதைக் கொண்டு இணைப்பது என்று அது சொல்வதில்லை. குழப்பமெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நம் டைம்டேபிளைப் பாருங்கள். சயின்ஸுக்கு பீரியட் இருக்கிறது, கணக்குக்கு இருக்கிறது, ஐ.டி.க்கும் இருக்கிறது. பொறியியலுக்கு மட்டும் கிடையாது. மற்ற மூன்றையும் ஒன்றாக இழுத்துப் பிடிக்கக்கூடியது பொறியியல்தான். அதற்குள் நுழையப் பள்ளிப் பிள்ளைக்கு எளிதான வழி வடிவமைப்பு.

வடிவமைப்பு என்றதும் ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன், கோல டிசைன் என்று நினைக்க வேண்டாம். ஒரு தேவையை எடுத்துக்கொண்டு, கையில் இருக்கிற பொருள், பணம், நேரம் இவற்றுக்குள் ஒரு வழியை யோசித்து, செய்து, சோதித்து, திருத்துவதற்குத்தான் இந்தக் கட்டுரையில் வடிவமைப்பு என்று பெயர்.

தையல்கடையில் நடப்பது

ஒரு அக்கா ஜாக்கெட் தைக்கத் துணி கொண்டுவருகிறார். தையல்காரர் உடனே டேப்பை எடுப்பதில்லை. “விசேஷத்துக்கா, தினமும் போடவா? எப்ப வேணும்?” என்று கேட்கிறார். துணி 80 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. பருத்தி என்பதால் முதலில் தண்ணீரில் நனைத்து உலர்த்தச் சொல்கிறார், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும். அளவு எடுத்து, மூச்சு விடவும் கை தூக்கவும் எவ்வளவு தளர்வு வேண்டும் என்று கூட்டிக்கொள்கிறார். நாளைக்குப் பிரித்துவிட வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று ஓரத்தில் கொஞ்சம் துணியை உள்ளே விட்டு வெட்டுகிறார். போட்டுப் பார்க்கும்போது அக்குளில் பிடித்தால் அந்த இடத்தை மட்டும் பிரித்துத் திரும்பத் தைக்கிறார்.

துணியின் குணத்தை அறிந்தது அறிவியல். கூட்டல் கழித்தல் கணக்கு. மெஷினும் ஊசி நம்பரும் தொழில்நுட்பம். இத்தனையையும் ஒரு ஜாக்கெட்டுக்காகச் சேர்த்து முடிவெடுத்தது பொறியியல். இப்போது நான் கணக்குப் போடுகிறேன், இப்போது சயின்ஸ் பார்க்கிறேன் என்று அவர் பிரித்து வைப்பதில்லை. அளவு தப்பினால் துணி வீணாகும், அதனால் கணக்குப் போட்டே ஆக வேண்டும். அந்த ‘போட்டே ஆக வேண்டும்’ என்ற நெருக்கடியைத்தான் வகுப்பறைக்குள் கொண்டுவரப் பார்க்கிறோம்.

இதில் இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொள்வோம். செய்யும் பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. விசேஷத்துக்குப் போட வேண்டும், உடம்புக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பது மாதிரி. எதை மீற முடியாதோ அது கட்டுப்பாடு. 80 சென்டிமீட்டர் துணி, வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்பது மாதிரி. இந்த இரண்டும் இல்லாத வேலை வெறும் கைவேலைதான், வடிவமைப்பு ஆகாது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலை

இனி நம் ஊருக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்புக்குப் பொருத்தமான ஒரு வேலை இது:

“வேலந்தாவளம் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போக வேண்டிய இரண்டு கிலோ தக்காளியும் நாலு கட்டுக் கீரையும் முந்தின நாள் மதியத்திலிருந்து வீட்டில் இருக்கின்றன. கரன்ட் இல்லாமல் அவற்றைக் குளிர்ச்சியாக வைக்க ஓர் ஏற்பாடு செய்யுங்கள். செலவு 300 ரூபாய்க்குள். தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் கூடாது.”

கடைசி நிபந்தனையை நான் ஒரு காரணத்தோடுதான் வைக்கிறேன். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பஞ்சாயத்துகளில் கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த வீட்டுப் பிள்ளைகள்தான் இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர்க் கட்டுப்பாடு புத்தகத்தில் வந்த நிபந்தனை இல்லை. வீட்டில் அம்மா தினமும் சொல்வது.

வேலையைச் சொன்னதும் நனைத்த சாக்கு, மண்ணில் குழி, தெர்மோகோல் பெட்டி, வாழைமட்டை என்று யோசனைகள் வரும். எல்லாவற்றையும் போர்டில் எழுத வேண்டும். முதலில் வந்த யோசனையிலேயே பிள்ளைகள் ஒட்டிக்கொள்வது வழக்கம், பெரியவர்களும் அப்படித்தான். அதனால் குழுவுக்கு மூன்று யோசனை வராமல் யாரும் பொருளைத் தொடக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலும் ஏதாவது ஒரு குழு பானைக்கு வந்து சேரும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. நைஜீரியாவைச் சேர்ந்த ஆசிரியர் முகமது பா அப்பா இதே ஏற்பாட்டைத் தன் ஊர் விவசாயிகளிடம் பரப்பினார். 2000ஆம் ஆண்டு அதற்காக அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதையே பெரிதாக்கி, இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவே ஈர மணல் நிரப்பிய குளிர்அறையை உருவாக்கியது. அதற்கும் கரன்ட் வேண்டாம். இந்தச் செய்திகளை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம், அவர்கள் தங்கள் பானையைச் செய்து பார்த்த பிறகு சொல்லலாம்.

சயின்ஸ் உள்ளே வரும் இடம்

பானை குளிர்வது ஏன்? மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. மணலில் இருக்கும் தண்ணீர் அவற்றின் வழியாக வெளிப்பக்கம் கசிந்து ஆவியாகிறது. தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தும், மணலிலிருந்தும், உள்ளே இருக்கும் தக்காளியிலிருந்தும் அது எடுத்துக்கொள்கிறது. நீர் ஆவியாக மாறும்போது, வெப்பநிலை கூடாமலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

இது எவ்வளவு என்று தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். நம் ஊர் வெப்பநிலையில் 1 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வேண்டும் (ஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் அலகு). 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டியதோ 4.2 ஜூல்தான். அதாவது 1 கிராம் ஆவியாகப் போனால் 100 கிராம் தண்ணீரை ஏறக்குறைய 5.7 டிகிரி குளிர்விக்கும். இத்தனை சின்ன இழப்புக்கு இவ்வளவு பெரிய குளிர்ச்சி.

இதைப் புத்தகத்தில் படித்து ஒப்பித்த பிள்ளைகள்கூட பானைக்கு எனாமல் பெயின்ட் அடித்துக்கொண்டு வருவார்கள். பார்க்க அழகாக இருக்க வேண்டாமா? அந்தப் பானை குளிரவே குளிராது. பக்கத்துக் குழுவின் வெறும் பானை நன்றாகக் குளிர்ந்திருக்கும். இரண்டு பானையையும் பக்கத்தில் வைத்து, உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் வெளிப்பக்கம் ஈரம் தட்டுப்படும், மற்றதில் வழவழப்புதான். “ஏன் டீச்சர் எங்களுது மட்டும்?” என்று அப்போது வரும் கேள்விதான் பாடத்தின் உயிர். நுண்துளை அடைபட்டால் ஆவியாதல் நிற்கும் என்பதை அந்தப் பிள்ளை இனி மறக்காது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பொருள் செய்தாலே அறிவியல் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. அதை மாற்று, இதை மாற்று என்று குருட்டாம்போக்கில் தட்டித் தட்டியே ஒரு குழு நல்ல பானைக்கு வந்துசேர்ந்துவிடலாம், காரணம் ஒன்றும் புரியாமலே. அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் டீச்சர் வேலையை நிறுத்தி, “இதை மாற்றினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள், ஏன்?” என்று நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். செய்து முடித்த பிறகு எழுதும் காரணத்துக்கு மதிப்பு குறைவு. முன்பே எழுதியது தப்பாகிப் போவதில்தான் கற்றல் இருக்கிறது.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: தேவையும் கட்டுப்பாடும் சேர்ந்து வேலையை உண்டாக்கின. வேலை ஓர் இடத்தில் சிக்கியது. அந்தச் சிக்கலை அவிழ்க்க ஆவியாதல் தேவைப்பட்டது. பாடம் வேலைக்குள் வந்துவிட்டது.

கணக்கு ஏன் பின்வரிசையில் நிற்கிறது

ஸ்டெம் என்ற பெயரில் நடக்கும் பெரும்பாலான வேலைகளில் ஏமாந்து போவது கணக்குதான். சார்ட்டில் ஒரு பார் கிராஃப் வரைந்து ஒட்டிவிட்டு ‘மேத்ஸும் சேர்த்தாச்சு’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த கிராஃபைக் கிழித்துப் போட்டாலும் பானையில் எந்த மாற்றமும் இருக்காது. அப்படியென்றால் அங்கே கணக்கு சேரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கை உள்ளே இழுக்கும் வழி தராசு. மதிய உணவுக்கு அரிசி நிறுக்கும் தராசில் மாலையில் முழுப்பானையையும் நிறுங்கள், காலையில் மறுபடியும் நிறுங்கள். குறைந்த எடை பெரும்பாலும் ஆவியாகிப் போன தண்ணீர்தான். 400 கிராம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தக்காளி பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், தண்ணீருக்கான எண்ணையே அதற்கும் எடுத்துக்கொள்ளலாம். 2 கிலோவை 10 டிகிரி குளிர்விக்க 2000 × 4.2 × 10 = 84,000 ஜூல். அதற்கு 35 கிராம் தண்ணீர் ஆவியானால் போதும். ஆனால் போனது 400 கிராம்!

மிச்சம் எங்கே போனது? நிறைய நேரம் செலவழிக்க வேண்டிய கேள்வி இது. ஒரு பங்கு பானையையும் மணலையும் குளிர்விக்கப் போயிருக்கும். பெரும்பங்கு, வெளிக்காற்றிலிருந்து விடாமல் உள்ளே வந்துகொண்டிருந்த வெப்பத்தோடு மல்லுக்கட்டப் போயிருக்கும். அப்படியென்றால் தண்ணீரை மிச்சப்படுத்த என்ன வழி? மூடியைத் தடிப்பாக்கலாமா? நிழலில் வைக்கலாமா? பானையின் அடியைத் தரையில் படாமல் தூக்கி வைக்கலாமா? அரை லிட்டர் கட்டுப்பாடு இருப்பதால்தான் இந்தக் கணக்குக்கு வேலை வருகிறது. தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்றால் யாரும் இந்த வகுத்தலைப் போடவே மாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் இயல்பாக வரும். “பெரிய பானையா வாங்கினா இன்னும் நல்லா குளிரும்ல?” என்று கேட்பார்கள். பானையின் எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கினால் பரப்பளவு 4 மடங்காகும், கொள்ளளவோ 8 மடங்காகும். ஆவியாதல் நடப்பது பரப்பில், குளிர வேண்டியது உள்ளே இருக்கும் பொருள். ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் பரப்பு பாதியாகிவிடுகிறது. அதனால் நிரம்பிய பெரிய பானை குளிர அதிக நேரம் எடுக்கும். பரப்பளவும் கனஅளவும் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, பானை வாங்கும் முடிவே அதில் இருக்கிறது என்று தெரியும்போது அந்தப் பாடத்தின் மேல் இருக்கும் வெறுப்பு கொஞ்சம் குறையும்.

பாலக்காட்டில் குளிரும் பானை கொச்சியில் ஏன் குளிராது?

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்த பாடம் இது. மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும் இடத்தில் நாம் இருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து உலர்ந்த காற்று வீசுகிறது. உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி சட்டென்று உலரும். ஆனியில் திசை மாறி, மேற்கிலிருந்து ஈரக்காற்று வரும்.

காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் தண்ணீர் ஆவியாவது குறையும். ஆவியாதலால் ஒரு பொருள் அதிகபட்சம் எவ்வளவு குளிர முடியுமோ அந்த எல்லைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் அதை அளந்துவிடலாம். வெப்பநிலை 36 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அது ஏறத்தாழ 23. வெப்பநிலை 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் ஏறத்தாழ 29. முதல் நிலையில் 13 டிகிரி வரை இறங்க வாய்ப்பு இருக்கிறது, இரண்டாவதில் 4 டிகிரிதான். நிஜப் பானை இந்த எல்லையை முழுதாகத் தொடாது, ஆனால் வித்தியாசம் இப்படித்தான் வரும்.

ஆகவே பிப்ரவரி மதியம் கொழிஞ்சாம்பாறையில் ஜெயிக்கும் பானை, புழுக்கமான கடற்கரை ஊரில் தோற்றுப்போகும். இங்கேயே ஜூலையில் சுமாராகத்தான் வேலை செய்யும். எந்த வடிவமைப்பும் அது நிற்கும் இடத்தோடு சேர்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

கிட்டுக்கு எப்போது வேலை?

கேரளத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் ஐ.டி. கிளப்புகள் நடக்கின்றன. சில பள்ளிகளில், பிள்ளைகள் கருவிகளைச் செய்து பழக மத்திய அரசின் ‘அடல் டிங்கரிங் லேப்’ இருக்கிறது. நல்ல ஏற்பாடுகள்தான். கிட்டை எப்போது வெளியே எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பானையின் வெப்பநிலையை இரவு முழுவதும் மணிக்கொரு முறை குறிக்க வேண்டும். இரவு 2 மணிக்கு யார் எழுந்து பார்ப்பது? அந்தக் கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும்வரை காத்திருந்து, பிறகு, கோடு எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகையான ஆர்டுவினோ போர்டையும் வெப்பநிலை சென்சாரையும் காட்டுங்கள். கோடிங் அப்போது ஒரு தேவைக்காக வருகிறது. மறுநாள் ஐ.டி. பீரியடில் அந்த எண்களை ஸ்பிரெட்ஷீட்டில் போட்டு வரைந்தால், விடியும் முன் வளைகோடு எங்கே அடிமட்டத்துக்கு வருகிறது என்று தெரியும். போர்டு இல்லாத பள்ளியில், மாலையும் காலையும் இரண்டு அளவு எடுத்தாலே போதும். பாடம் கெடாது.

எக்ஸிபிஷனும் வடிவமைப்பும்

நம் மாநிலத்தின் பள்ளி அறிவியல் திருவிழாவான சாஸ்த்ரோத்சவம் பிள்ளைகளுக்குப் பெரிய உற்சாகம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கே சயின்ஸ், சமூக அறிவியல், கணக்கு, வேலை அனுபவம், ஐ.டி. என்று ஐந்து மேளாவும் தனித்தனி. நம் பானையை எதில் சேர்ப்பது? ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சம் சேரும், முழுதாக ஒன்றில் சேராது. இணைப்பு ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு கேள்வியே போதும்.

தெர்மோகோலில் எரிமலை, பல்பு எரியும் அணைக்கட்டு மாதிரி என்று நாம் பார்த்துப் பழகிய மாடல்களில் பெரும்பாலானவை, முடிவு முன்பே தெரிந்த வேலைகள். எப்படிச் செய்ய வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், பிள்ளை ஒட்டுகிறது. தேர்வு செய்ய வேண்டிய இடமே அதில் இல்லை. பெற்றோர் ஒரு மாடலின் முன் நின்று இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: “வேற எப்படிச் செய்யலாம்னு யோசிச்சீங்க? அதை ஏன் விட்டுட்டீங்க?” பதிலில் ஒரு அளவோ ஒரு காரணமோ வந்தால் அது வடிவமைப்பு.

இந்த யோசனை இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்தது, ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதன் வழியாகக் கற்பிக்கும் முறையைத்தான். நம் பாலக்காடு மாவட்டத்திலேயே, முண்டூரில், கேரள சாஸ்த்ர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் தொடங்கிய ஊரகத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. வீட்டு அடுப்பு மாதிரியான அன்றாடப் பொருள்களை அறிவியல் கொண்டு திருத்தலாம் என்று இந்த மாவட்டம் பல வருடமாகப் பார்த்து வருகிறது.

போர்ஷன் முடியுமா?

டீச்சர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. வருடம் முழுக்க இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். டெர்முக்கு ஒன்று போதும். ஆவியாதலும் பரப்பளவும் எப்படியும் நடத்த வேண்டிய பாடங்கள், அந்த பீரியட்களையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம். சயின்ஸ் டீச்சரும் கணக்கு டீச்சரும் ஸ்டாஃப் ரூமில் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து, எந்த வாரம் யார் எதைத் தொடுவது என்று பேசிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அந்த அரை மணி நேரம் கிடைப்பதுதான் நம் பள்ளிகளில் மிகப் பெரிய தட்டுப்பாடு, தலைமையாசிரியர் மனது வைத்தால் தீரும்.

மார்க் போடும்போது பானை எத்தனை டிகிரி குளிர்ந்தது என்று பார்க்க வேண்டாம். நோட்டைப் பாருங்கள். என்ன நினைத்தார்கள், என்ன நடந்தது, அடுத்து எதை ஏன் மாற்றினார்கள் என்பதற்கு மார்க் கொடுங்கள். குளிராத பானையை வைத்திருக்கும் குழு முதல் மார்க் வாங்க இதில் இடம் இருக்க வேண்டும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிப்ரவரி முதல் வாரம் நல்ல நேரம், காற்று உலர்ந்திருக்கும், ஆண்டுப் பரீட்சை நெருக்கடியும் தொடங்கியிருக்காது. புதுப்பானையை வாங்கியதும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள். காய்ந்த பானை முதல் நாள் ஊற்றும் தண்ணீரைத் தானே குடித்துவிடும், பிள்ளைகள் போடும் அரை லிட்டர்க் கணக்கு எல்லாம் தாறுமாறாகும்.